அடிக்கட்டும், எடுக்க வேண்டாம்

1

சென்ற வியாழக்கிழமை ஒரு பெரிய அறையில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேசைமேல் இருந்த தொலைபேசி பதினான்கு முறை அடித்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் ஒரு முறைகூட எடுக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்த அதே வாரம் அது. இத்தனை வருடத்தில் நான் செய்த ஆகச் சிறந்த வேலையும் அதுதான். அடக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன், வரவில்லை.

எந்த நாடு என்று கேட்பீர்கள். நான் இருப்பது தொலைத்தொடர்பையும் ஒலிபரப்பையும் ஒழுங்குபடுத்தும் அரசு அலுவலகம். ஒரு காகிதத்தை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்தவே கையெழுத்துக் கேட்பார்கள். அதனால் கம்பெனியின் பெயர், பள்ளத்தாக்கின் பெயர், நாட்டின் பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. உலகப்படத்தில் வலது பக்கம் கீழ் மூலைக்குப் போங்கள். ஆட்கள் குறைவாகவும் ஆடுகள் அதிகமாகவும் தெரிந்தால் அங்கே நான் இருப்பேன்.

என் பெயர் இசக்கியம்மாள். இங்கே 'இஸ்ஸி' என்கிறார்கள். முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தேன். இப்போது கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு நான் விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்த சுடலையின் இரண்டாவது பெண். மூத்தவள் பேச்சியக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

2

என் வேலையை அக்காவுக்கு விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் ஆறு வருடம் ஒலிபரப்புப் பிரிவில் இருந்தேன். 'நிகழ்ச்சியைவிட விளம்பரம் சத்தமாக வருகிறது', 'குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் கெட்ட வார்த்தை வந்தது' என்று மக்கள் புகார் அனுப்புவார்கள். நான் அந்த நிகழ்ச்சியைப் போட்டுப் பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன வந்தது என்று குறிப்பெடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் அக்கா சொன்னாள்:

"ஏட்டி, டிவி பாக்கதுக்கா இவ்வளவு தூரம் ஏரோப்ளேன் ஏறிப் போயிருக்க?"

ஒருவகையில் அவள் சொன்னது உண்மைதான்.

எங்கள் வீட்டுக்கும் ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் சின்னப் புத்தகம் ஒன்று தருவார்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்பா புதுப்பிப்பதில்லை. பாட்டு ஆகாயத்தில் சும்மாதானே வருகிறது, அதற்கு என்ன சீட்டு என்பது அவர் கட்சி. ஒரு நாள் சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரு முனையிலிருந்து தகவல் வந்தது. அப்பா ரேடியோவைத் தூக்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார். அவசரத்தில் அணைக்க மறந்துவிட்டார்.

வந்தவர் வாசலில் நின்று ரேடியோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று அப்பா தலையாட்டினார். உள்ளே அரிசிப் பானை மாநிலச் செய்திகள் வாசித்துக்கொண்டிருந்தது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை அந்த மனிதர் செய்தியைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அரிசிக்கும் சேத்து ஒரு லைசென்ஸ் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல அதிகாரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் மனதில் இருக்கும் முகம் இன்றைக்கும் அவருடையதுதான். அதட்டவும் இல்லை, விடவும் இல்லை. அடுத்த வாரம் அப்பா தபாலாபீசுக்குப் போனார்.

3

இப்போது நான் இருப்பது சிக்னல் பரப்பை ஆய்வு செய்யும் பிரிவில். எந்தக் கம்பெனி எந்த இடத்தில் சேவை தருவதாகச் சொல்கிறது, உண்மையில் தருகிறதா என்று பார்ப்பது வேலை. கம்பெனிகள் வரைபடம் அனுப்பும். சிக்னல் இருக்கும் இடமெல்லாம் பச்சை. நாட்டை அப்படியே புல்தரை ஆக்கியிருப்பார்கள்.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு கம்பெனி விண்ணப்பம் போட்டது. தெற்கே மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, பதினோரு வீடுகள். அங்கே செம்புக்கம்பியில் ஓடும் பழைய லேண்ட்லைனைக் கழற்றிவிட அனுமதி வேண்டும் என்றார்கள். எல்லா வீட்டிலும் செல்போன் சிக்னல் கிடைப்பதால் கம்பி தேவையில்லையாம். கூடவே வரைபடம், பச்சைப் பசேலென்று.

அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஐந்து கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றை மேவிஸ் என்ற பெண்மணி கையால் எழுதியிருந்தார். எழுபதை ஒட்டிய வயது, ஆட்டுப்பண்ணை, கணவர் ரானுக்கு இதயக் கோளாறு. போன குளிர்காலத்தில் பனி விழுந்து மின்சாரம் போன காலையில் அவர் மயங்கி விழுந்திருக்கிறார். மேவிஸின் செல்போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. லேண்ட்லைனில் கூப்பிட்டுத்தான் ஆம்புலன்ஸ் வந்தது, ஆள் பிழைத்தார். கம்பெனிக்காரர்கள் அளந்து பார்த்ததாகச் சொல்கிறார்களே என்பதற்குக் கடைசி வரியில் பதில் இருந்தது: 'என் கணவர் சாலையில் விழவில்லை. அடுப்படியில் விழுந்தார்.'

அந்த ஒரு வரியில் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கம்பெனி அளந்தது காரில். காரின் கூரையில் ஆன்டெனாவைப் பொருத்திக்கொண்டு சாலையில் ஓட்டிப் போவார்கள். சாலை உயரத்தில் போகிறது, வீடுகள் பள்ளத்தில், மலைக்குப் பின்னால் இருக்கின்றன. நான் கருவியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். சாலையில் நான்கு கோடு. மேவிஸின் அடுப்படியில் ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு நாள், ஒரு வீட்டில் நான் அளந்தது பொது விசாரணையில் நிற்காது. அன்றைக்கு மேகமாக இருந்தது என்பார் கம்பெனி வக்கீல். பதினோரு வீட்டிலும், பல நாள், பல நேரம் அளந்த சான்று வேண்டும். அதற்கு ஆள் அனுப்ப எங்களிடம் ஆளும் இல்லை, விசாரணைக்கு அவகாசமும் இல்லை. மூன்றே வாரம் இருந்தது. சான்று இல்லாவிட்டால் கம்பெனிக்கு அனுமதி தானாகவே கிடைத்துவிடும், அடுத்த பனிக்கு முன்னால் கம்பியைச் சுருட்டிவிடுவார்கள். என் மேலாளர் கிரெக் நல்ல மனிதர். அவரே கையை விரித்துவிட்டார்.

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது ரானைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் தெருக் கடை ஞாபகம் வந்தது.

4

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு போன், அது பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் இருந்தது. நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்தேன். சனிக்கிழமை ஊருக்கு வருகிறேனா இல்லையா என்று சொல்ல அப்பா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பேருந்து நிலையத்துப் பூத்திலிருந்து கடைக்கு அடிக்க வேண்டும். இரண்டு மணி அடித்து வைத்துவிட்டால் 'கிளம்பிட்டேன்'. மூன்று மணி என்றால் 'இந்த வாரம் வரல'. எடுக்காத அழைப்புக்குக் காசில்லை. மிஸ்டு கால் என்ற பெயரெல்லாம் அப்போது கிடையாது. 'மணி அடிச்சு வைக்கிறது' என்போம்.

முதல் வாரமே சிக்கல் வந்தது. போன் அடித்தால் எடுக்காமல் இருக்க அண்ணாச்சியால் முடியவில்லை. முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்துவிட்டார். நான் பயந்து வைத்துவிட்டேன். அப்பா மாலை ஷிப்ட் முடிந்து கடைக்குப் போய்க் கேட்டால், "நான் எடுத்து அலோ அலோங்கேன், ஒரு சத்தத்தையும் காணும். எந்தப் பய வெளையாடுதான்னு தெரியல" என்றிருக்கிறார். அப்பா பொறுமையாகச் சொன்னாராம்:

"அடிச்சா அடிக்கட்டும். நீரு எடுக்காதேயும்வே."

அதற்குப் பிறகு சனிக்கிழமை மாலையில் போன் அடித்தால் அண்ணாச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணுவாராம். கடையில் சாமான் வாங்க நிற்பவர்களும் சேர்ந்து எண்ணுவார்களாம். நான் ஊருக்கு வருவது வீட்டுக்குத் தெரியும் முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஒரு ஐப்பசியில் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மேலே அணைகள் நிரம்பி, பாபநாசத்திலிருந்து கீழே எல்லா ஊரிலும் கரை உடைந்தது. பேருந்து இல்லை. பத்திரிகையில் வந்த ஊர்ப் பெயர்களில் எங்கள் ஊரும் இருந்தது. விடுதியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். யாரும் சாப்பிடவில்லை. நான் பூத்துக்குப் போய் அண்ணாச்சி கடை எண்ணைச் சுழற்றினேன். சத்தமே இல்லை. மணிகூடப் போகவில்லை. அந்த நிசப்தத்தைப் போல் எதுவும் என்னை அதுவரை பயமுறுத்தியதில்லை. அப்பா, அம்மா, அக்கா என்று ஒவ்வொருவராக நினைத்து நினைத்து அழுதேன்.

மறுநாள் சாயந்திரம் வார்டன் அறையில் போன் அடித்தது. இரண்டு மணி. நின்றுவிட்டது. வார்டன் அம்மா எடுக்கப் போன கையை நான் கிட்டத்தட்டப் பிடித்தே விட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி இரண்டு மணி, மறுபடி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

நடந்ததைப் பிறகுதான் அக்கா சொன்னாள். கம்பியைச் சரிசெய்து போனுக்கு உயிர் வந்ததும் ஊரே கடைமுன் வரிசையில் நின்றிருக்கிறது. ஆளாளுக்குப் பேசினால் பாதிப் பேர் பேசி முடிப்பதற்குள் லைன் மறுபடி போய்விடும் என்று அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டிருக்கிறார். யாரும் பேசக் கூடாது. ஆளுக்கு இரண்டு மணி, அடித்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எங்கள் வீட்டுக்காக அடித்தது அக்கா. 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்பதை அதைவிடத் தெளிவாக இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நான் அறிந்த முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அதிகாரி அந்த அண்ணாச்சிதான்.

5

மறுநாள் காலை கிரெக்கிடம் திட்டத்தைச் சொன்னேன். அலுவலகத்தில் ஒரு எண்ணைத் தனியாக ஒதுக்க வேண்டும். பள்ளத்தாக்கின் பதினோரு வீட்டுக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம். காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று சுற்று, ஏழு நாள். தன் முறை வந்ததும் முதல் நிமிடத்தில் லேண்ட்லைனிலிருந்து இரண்டு மணி அடித்து வைக்க வேண்டும். அடுத்த நிமிடத்தில், இருந்த இடத்திலிருந்து நகராமல், செல்போனிலிருந்து இரண்டு மணி. எந்த எண்ணிலிருந்து எத்தனை மணிக்கு அடித்தது என்று எங்கள் கருவியே பதிந்துகொள்ளும். லேண்ட்லைன் மணி வந்து செல்போன் மணி வராவிட்டால், ஆள் வீட்டில் இருக்கிறார், சிக்னல்தான் இல்லை என்று அர்த்தம்.

கிரெக்குக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. அடிக்கும் போனை நாம் ஏன் எடுக்கக் கூடாது?

இந்த நாட்டில் மிஸ்டு கால் என்றால் தவறிப்போன அழைப்பு, வருத்தம் தெரிவிக்க வேண்டிய விஷயம். வேண்டுமென்றே தவறவிடும் அழைப்பு என்று ஒன்றை இவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. பதினாறு வயதாகும் என் மகள் மீனாவுக்கும் அப்படித்தான். இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் யாருக்கும் போன் செய்து நான் பார்த்ததில்லை. அவளிடமிருந்து எனக்கு வரும் பதிலெல்லாம் 'K' என்ற ஒற்றை எழுத்தில்தான் வரும். திட்டத்தைச் சொன்னதும், அடித்துவிட்டு வைப்பது மரியாதைக் குறைவு, பள்ளியில் அப்படிச் செய்தால் தண்டனை உண்டு என்றாள். பேட்டையில் லேத்துப் பட்டறையில் தொழில் பழகி இங்கே லிஃப்ட் பழுது பார்க்கும் என் கணவர் மட்டும், "நான் உங்கம்மாவக் கல்யாணம் பண்ணுனதே மிஸ்டு கால்லதான்" என்று அவளைக் குழப்பிவிட்டு நகர்ந்துவிட்டார்.

இதில் அரசாங்கத் தடையும் ஒன்று இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் எந்த அழைப்பையும் இத்தனை மணி அடிப்பதற்குள் எடுத்தே ஆக வேண்டும் என்று விதி. எடுக்காத அழைப்புகள் மாத அறிக்கையில் குற்றக்கணக்காக ஏறும். நாட்டுக் கம்பெனிகளுக்கெல்லாம் அந்த விதியைப் போட்டதே நாங்கள்தான். எனவே தொலைபேசியை எடுக்காமல் இருப்பதற்கு அனுமதி கோரி நான் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. பொருள், காரணம், கால வரம்பு, பாதிப்பு என்று நான்கு பக்கம். அதில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கோப்பின் நகலை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அனுமதி வந்ததும் பள்ளத்தாக்குக்குப் போய் அவர்கள் சமுதாயக் கூடத்தில் பதினோரு வீட்டாரையும் கூட்டினோம். டீயும் கேக்கும் மேவிஸ் கொண்டுவந்திருந்தார். மிஸ்டு கால் கொடுப்பது எப்படி என்று வெள்ளைக்காரர்களுக்கு வகுப்பெடுத்த முதல் விக்கிரமசிங்கபுரத்துக்காரி நானாகத்தான் இருப்பேன். அவர்களுக்கு மணி அடிக்க வந்தது, வைக்க வரவில்லை. மறுமுனையில் யாரோ காத்திருப்பார்களே என்று தயங்கினார்கள். ரான் பயிற்சியின்போது எட்டு மணி வரை விட்டார். ஏன் என்று கேட்டால், இரண்டில் வைத்தால் கோபித்துக்கொண்டு வைத்ததாக நினைத்துவிடுவீர்கள் என்றார். அவருக்காகவே வெள்ளக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் மூன்றாவது மணி அடிக்கவில்லை.

முதல் நாள் காலையில் பிழை செய்தது எங்கள் பக்கம்தான். வரவேற்பில் இருக்கும் பெண் பழக்க தோஷத்தில் முதல் நான்கு அழைப்பையும் எடுத்து, 'உங்களுக்கு எப்படி உதவலாம்' என்று கேட்டுவிட்டாள். அந்தச் சுற்றே வீணானது. நான் அவளிடம் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டாள்.

ஏழு நாள் முடிவில் பட்டியல் தயார். லேண்ட்லைன் மணி எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தது. செல்போன் மணி வந்தது இரண்டே வீடுகளிலிருந்து. இரண்டும் சாலையை ஒட்டிய மேட்டு வீடுகள்.

6

பட்டியலைப் பார்த்த கம்பெனி வக்கீல் சும்மா இருக்கவில்லை. அவர் கேட்டதும் நல்ல கேள்விதான். வந்த மணிக்குச் சான்று இருக்கிறது, வராத மணிக்கு என்ன சான்று? அந்த ஒன்பது வீட்டாரும் செல்போனைத் தொடாமலேயே உட்கார்ந்திருந்தால்? கம்பி வேண்டும் என்பவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்களா?

ஏழு நாள் உழைப்பும் அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிடும் போலிருந்தது. விசாரணையை நடத்தும் எங்கள் ஆணையத்தின் தலைவர் ஒரு வழி சொன்னார். விசாரணை நாளன்று மதியச் சுற்றை இன்னொரு தடவை நடத்தலாம். கம்பெனியின் இன்ஜினியர் ஒருவர் அவர்கள் விரும்பும் வீட்டில் போய் உட்கார்ந்து, வீட்டுக்காரர் உண்மையில் அழைக்கிறாரா என்று பார்க்கட்டும். கம்பெனி மேவிஸின் வீட்டைத் தேர்ந்தெடுத்தது. வந்த கடிதங்களில் அவர் குரல்தான் பெரிதாக இருந்தது. இன்ஜினியர் பார்த்ததைச் செல்போனில் வக்கீலிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு என்று கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போனை மேசையின் நடுவில் வைத்தார்கள். தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டு அடித்தது. போனும் அடித்தது. இரண்டு மணி, நின்றது. முதல் வீடு. அடுத்த நிமிடம் மறுபடி இரண்டு மணி. மேட்டு வீடு, செல்போன் வந்துவிட்டது. வக்கீல் பேனாவால் குறித்துக்கொண்டார். இரண்டாவது வீடும் அதேபோல் இரண்டு தடவை அடித்தது. அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

மூன்றாவது வீட்டிலிருந்து பள்ளம் ஆரம்பம். லேண்ட்லைன் இரண்டு மணி. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் முழுக்க ஒன்றுமில்லை. நாலாவது வீடு இரண்டு மணி, ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. நாற்பது பேர் ஒரு அறையில் போன் அடிக்காததைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பூத்தில் ரிசீவரைக் காதில் வைத்து நின்ற அந்த நாளும் எனக்கு இப்படித்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த நிசப்தத்தை எடுத்துக்காட்ட எனக்கு யாரும் இல்லை. இன்றைக்கு ஒரு நாட்டின் ஆணையமே உட்கார்ந்து கேட்டது.

பதினோராவது வீடு மேவிஸ். லேண்ட்லைன் இரண்டு மணி அடித்து நின்றது. செல்போன் நிமிடம் கடந்துபோனது. சுற்று முடிந்தது, மொத்தம் பதின்மூன்று. வக்கீல் தன் செல்போனை எடுத்து வைத்துக்கொண்டு இன்ஜினியரின் அழைப்புக்காகக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். இரண்டு நிமிடம் ஆயிற்று, மூன்று ஆயிற்று. அவரே இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பார்த்தார். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அவருடைய கம்பெனியின் பதிவுக்குரலே அவருக்குச் சொன்னது. அமைதியான அறை, எல்லாருக்கும் கேட்டது.

அப்போது மேசைமேல் இருந்த போன் பதினான்காவது முறையாக அடித்தது. இரண்டு மணிக்குப் பிறகும் நிற்கவில்லை. மூன்று, நான்கு. என் கைகள் மடியில் கோத்தபடி இருந்தன. எடுக்காமல் இருக்கத்தான் எனக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி. ஐந்தாவது மணியில் தலைவரே எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

கம்பெனி இன்ஜினியர் பேசினார். "அந்தம்மா சொன்னபடி சரியாகத்தான் அழைத்தார், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் செல்போனிலும் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன், போகவில்லை. அதனால்தான் இவர்கள் வீட்டு லேண்ட்லைனிலிருந்து கூப்பிடுகிறேன்."

முதலில் சிரித்தவர் வக்கீல்தான். நல்ல மனிதர், தோற்பதும் அவருக்கு அழகாக வந்தது. மேவிஸ் அன்றைக்கு எங்களோடு இல்லை, பள்ளத்தாக்கில் தன் அடுப்படியில் இருந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் பின்னால் கேட்டது. இன்ஜினியரிடம் இன்னொரு கேக் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயந்திரமே தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் செல்போன் மணி அடிக்கும்வரை அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு முழம் கம்பியைக்கூடக் கழற்றக் கூடாது. 'அடுப்படி' என்ற சொல்லைத் தலைவர் தன் கையால் உத்தரவில் சேர்த்தார். தரைவழி இணைப்பை எடுக்க இனி யார் அனுமதி கேட்டாலும், கார் அளவையோடு இந்த வீட்டு மணி அளவையும் சேர்த்துத் தர வேண்டும் என்றும் எழுதினார். நாடு முழுக்க.

புது அளவைக்குப் படிவம் வேண்டும், படிவத்துக்குப் பெயர் வேண்டும். என்னைத்தான் கேட்டார்கள். நான் தயங்கவே இல்லை. 'வி.கே.பி. முறை' என்று எழுதிக் கொடுத்தேன். எந்த அறிஞரின் பெயர் என்று கிரெக் கேட்டார். அறிஞரின் பெயர் அல்ல என்று ஊர்ப் பெயரை முழுக்கச் சொன்னேன். அவர் மூன்று தடவை முயன்று பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் படிவத்தில் அச்சாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பேருந்துகளின் நெற்றியில் இருக்கும் எழுத்துகள் இனி இந்த நாட்டுத் தொலைத்தொடர்புக் கோப்புகளின் நெற்றியிலும் இருக்கும்.

7

வீட்டுக்கு வந்ததும் அக்காவின் எண்ணை எடுத்தேன். இப்போதெல்லாம் நாங்கள் தினமும் வீடியோவில் ஒரு மணி நேரம் பேசுகிறோம். காசு என்ற பேச்சே இல்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு மணி அடித்து வைத்துவிட்டேன்.

அரை நிமிடத்தில் வீடியோவில் வந்தாள். அங்கே மதியம். உவரிக் கடற்கரையிலிருந்து வந்த மீனை அலசிக்கொண்டிருந்த ஈரக் கையோடு போனைப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி, எதுக்கு மிஸ்டு கால் குடுக்க? நெட்டு தீந்துபோச்சா?"

நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். படிவத்தின் பெயரையும் சொன்னேன். அக்கா மீனை மறந்துவிட்டாள்.

"அப்போ நம்ம அண்ணாச்சி போட்ட சட்டத்த அங்கன அரசாங்கமே போட்டுருச்சுன்னு சொல்லு" என்றாள். அண்ணாச்சியின் மகன்தான் இப்போது கடை வைத்திருக்கிறார், சாயந்திரமே போய் அவரிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வரிசையில் அவள் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள் என்று நான் இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை.

"சரி, நீ போன வை" என்றாள்.

வைத்து, போனைச் சோபா ஓரத்தில் போட்டேன். சோபாவில் கால் நீட்டித் தன் போனில் மூழ்கியிருந்த மீனா எதையும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

என் போன் அடித்தது. அக்கா. போன் மீனாவுக்குப் பக்கத்தில் இருந்ததால் அவள் எடுக்கக் கை நீட்டினாள். பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு," என்று தமிழில் எண்ணினாள். "ரெண்டு."

நின்றுவிட்டது.